மண் கொடுத்தவர்கள்

ஒரு நிலம் செத்துவிட்டது என்று எழுதிக் கொடுப்பதுதான் நஸ்ரினுடைய வேலையில் பெரும்பகுதி. நாகூரில் பிறந்து, மண்ணின் நுண்ணுயிர்களைப் பற்றிப் படித்து, மாற்று மண் வாரியத்தில் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. அதற்குள் எழுபது ஊர்களுக்கு மேல் போயிருக்கிறாள். ஆறே ஆறு ஊர்களுக்குத்தான் பொருத்தமான மண் கிடைத்தது. மற்ற ஊர்களில் அவள் கையெழுத்துப் போட்ட ஒரு மாதத்துக்குள் வாய்க்காலில் தண்ணீர் விடுவதை நிறுத்தினார்கள். வயல்களின் மேல் சூரியத் தகடுகள் வந்தன. ஆட்கள் கிளம்பிப் போனார்கள்.

இரண்டாயிரத்து அறுபத்தேழாம் வருடம் ஆவணி மாதம் அவள் செம்பியன்கரைக்கு வந்தாள். வேதாரண்யம் பக்கத்தில், கடலிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஊர். பேருந்திலிருந்து இறங்கும்போதே தெரிந்தது. சாலைக்கு மேற்கே இருநூறு ஏக்கர் வெள்ளை பூத்துக் கிடந்தது.

அது நெல் விளைந்த பூமி. ஏறக்குறைய அறுபது வருடங்களுக்கு முன்பு வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் அதை நிலத்துக்காரர்களிடம் குத்தகைக்கு எடுத்து இறால் பண்ணை போட்டார்கள். கடல் தண்ணீரை ஏற்றிப் பதினைந்து வருடம் இறால் வளர்த்தார்கள். நோய் விழுந்ததும் குட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் கரைகளை உடைத்துச் சமப்படுத்தி, ஜிப்சம் போட்டு, எரு போட்டு, திரும்பத் திரும்ப நட்டுப் பார்த்தார்கள். நட்ட இருபதாம் நாள் பயிர் நுனி கருகிச் சாய்ந்தது. போதாததற்கு உப்பு பக்கத்து வயல்களுக்கும் ஊறத் தொடங்கியது.

விவசாயிகள் சங்கத் தலைவர் தருண்குமார் அவளை அழைத்துப்போக வந்திருந்தார். ஐம்பத்தேழு வயது, மெலிந்த ஆள். செத்துக் கிடந்த நிலத்தில் முப்பது ஏக்கர் அவர் குடும்பத்துடையது. வண்டியை வயலோரத்தில் நிறுத்திவிட்டு, மனதில் இருந்ததை உடனே கேட்டார்.

“உப்புதானே மேடம் வியாதி? நல்ல மழை பேஞ்சா கழுவிக்கிட்டுப் போயிடாதா?”

“உப்பு போயிடும் சார். போன பிறகு அங்க என்ன இருக்கும்? ஒரு பிடி நல்ல மண்ணுல இருக்கிற உயிருங்க இந்த உலகத்து ஜனத்தொகையவிட அதிகம். இந்த மண்ணுல அதெல்லாம் செத்துப்போச்சு. இது காலி வீடு. வெள்ளையடிச்சா போதாது, ஆள் குடிவரணும்.”

“எரு போட்டோமே.”

“எருவுல வர்றது வெளியூர் ஆளுங்க. இந்த உப்புக் காத்தும் இந்தத் தண்ணியும் அதுங்களுக்குப் பழக்கமில்ல. ஒரு மாசம் தாங்காது. இங்கேயே, இதே மண்ணா இருந்து, கெடாம தப்பிச்ச இடம் ஒண்ணு வேணும். அங்கேருந்து கொஞ்சம் எடுத்து இங்க வச்சா, அது பிடிச்சு வளரும்.”

தருண்குமார் குனிந்து வெள்ளை மண்ணில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். “என் மச்சானுக்கு கிட்னி வச்சாங்க. ஒத்துப்போகணும்னு கூடப் பொறந்தவங்க எல்லாரையும் சோதிச்சுப் பாத்தாங்க. அது மாதிரியா?”

“அதே மாதிரிதான் சார்.”

ஐப்பசி மழைக்கு முன்னால் கிடைத்தால்தான் உண்டு. மழை உப்பைக் கீழே இறக்கும் அந்தச் சில வாரங்களில் புதுமண் வைத்தாக வேண்டும். அது தவறினால் அடுத்த வருடம்வரை காத்திருக்க வாரியத்தின் விதி இடம் தராது.

நஸ்ரின் கொண்டுவந்திருந்த கருவி சாப்பாட்டுக் கேரியர் அளவில் இருக்கும். மண்ணின் ஆவியை உறிஞ்சி, அதில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று சொல்லும். அதற்கு நீளமான பேர் ஒன்று உண்டு, ஆனால் வாரியத்தில் எல்லோரும் மூக்கு என்றுதான் சொல்வார்கள். முதலில் அவள் பழைய இறால் குட்டைகளில் மூன்றடி ஆழத்துக்குத் துளை போட்டாள். அந்த ஆழத்தில், செத்துப்போன உயிர்களின் மிச்சம் இருக்கும். உப்பு வருவதற்கு முன் அங்கே யார் யார் குடியிருந்தார்கள் என்பதை மூக்கு அதை வைத்து அறிந்துகொண்டது. இனி அதே கூட்டத்தைப் பக்கத்தில் எங்காவது உயிரோடு கண்டுபிடிக்க வேண்டும். நூற்றுக்கு எழுபது பொருந்தினால் போதும்.

பத்து நாள் தேடினாள். உப்பு எட்டாத தெற்கு வயல்களில் பயிர் பச்சென்று நின்றது. ஆனால் நூறு வருடமாக யூரியாவையும் பூச்சி மருந்தையும் தின்று பழகிய மண் அது. பயிருக்கு வேண்டியதையெல்லாம் மூட்டையிலிருந்தே கொடுத்துவிட்டதால் மண்ணுக்குள் வேலை செய்ய ஆளில்லாமல் போயிருந்தது. மூக்கு முப்பதைத் தாண்டவில்லை. சவுக்குத் தோப்பில் ஒரே மரத்தின் சருகு ஐந்து விரற்கடை கனத்துக்குக் கிடந்தது. அந்தச் சருகைத் தின்கிற உயிர்கள் மட்டும் பெருகி, மற்றவை காணாமல் போயிருந்தன. வீட்டுமனை போட்டு நாற்பது வருடமாக யாரும் வீடு கட்டாத இடத்தைப் பற்றித் தருண்குமார் நம்பிக்கையோடு சொன்னார், அங்கே ஏர் பட்டதே இல்லை என்று. ஆனால் மனை போட்டவர்கள் மேல்மண்ணை வழித்து விற்றுவிட்டுக் கிராவல் பரப்பியிருந்தார்கள். பன்னிரண்டு. பள்ளிக்கூட மைதானம் மிதிபட்டு மிதிபட்டுத் தரை ஓடாகியிருந்தது, துளைக் குழாயே இறங்கவில்லை.

கடைசி நம்பிக்கையாகக் கோயில் நந்தவனம் இருந்தது. ஊரே கூட வந்து நின்று பார்த்தது. ஐம்பத்திரண்டு. பத்து வருடம் முன்னால் கும்பாபிஷேகத்துக்குச் சுத்தம் செய்தபோது களைக்கொல்லி அடித்தோம் என்று பூசாரி தயங்கித் தயங்கிச் சொன்னார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

மறுநாள் காலை நஸ்ரின் சான்றிதழில் பாதி எழுதிவிட்டுப் பேருந்துக்குக் கிளம்பினாள். வாய்க்கால் பாலத்தில் நின்றபோதுதான் கிழக்கே அந்த மேடு கண்ணில் பட்டது. சுற்றிலும் தரிசெல்லாம் காய்ந்து கிடக்கிற ஆவணி வெயிலில் அதில் மட்டும் புல் பச்சையாக இருந்தது. ஆவாரையும் நொச்சியும் அடர்ந்து, நடுவில் நாலைந்து பனைமரங்கள்.

அது என்ன இடம், நீங்கள் கொடுத்த ஊர் வரைபடத்தில் ஏன் குறிக்கவில்லை என்று வழியனுப்ப வந்த தருண்குமாரிடம் கேட்டாள்.

“அது இடுகாடு மேடம். காலனிக்காரங்களோடது” என்றார் தருண்குமார். “அங்க போய் எதுக்கு?”

அவர் கெட்ட எண்ணத்தோடு மறைக்கவில்லை. ஊர் நிலங்களைப் பட்டியல் போடும்போது அந்த இடம் அவர் மனதில் வரவே இல்லை, அவ்வளவுதான்.

இடுகாட்டில் கருவி வைக்க யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்தபோது, காலனியில் எல்லோரும் ஓவியாவைச் சொன்னார்கள். ஓவியா கிராம செவிலியர். ஐம்பது வயது. செம்பியன்கரையில் கடந்த இருபத்தைந்து வருடத்தில் பிறந்த எந்தக் குழந்தையானாலும், ஊரோ காலனியோ, முதல் தடுப்பூசி அவள் கையால்தான். இரண்டு பக்கமும் அவளை சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அவள் நஸ்ரினை மேட்டுக்குக் கூட்டிப்போனாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொன்னாள்.

மூக்கு தொண்ணூற்றொன்று காட்டியது. நஸ்ரின் மறுபடி துடைத்து, வேறு மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தாள். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓவியா நாடி பிடித்துப் பார்த்தாள்.

“இந்த மேடு எப்படி வந்துச்சு சிஸ்டர்?” என்று நஸ்ரின் கேட்டாள்.

ஓவியா சொன்னாள். எந்தக் காலத்திலோ, யாருக்கும் வேண்டாத பள்ளமான இடம் என்று இதை ஒதுக்கிக் கொடுத்தார்கள். மழை வந்தால் குழிக்குள் தண்ணீர் ஊறும். அதனால் ஒவ்வொரு சாவுக்கும் வீட்டுக்கு ஒரு கூடை நல்ல மண் கொண்டுவந்து கொட்டுவது என்று வைத்துக்கொண்டார்கள். கூடை கூடையாகச் சேர்ந்து நூற்றைம்பது வருடத்தில் இந்த உயரம். இறால் குட்டையிலிருந்து பொங்கி வந்த உப்புத் தண்ணீர்கூட இதன் மேல் ஏறவில்லை. உழவு, உரம், மருந்து எதையும் இந்த மண் பார்த்ததில்லை. வருடத்துக்கு ஒருநாள் வந்து படையல் போட்டுக் கும்பிடுவார்கள். மற்ற நாட்களில் மயில்தான் நடமாடும்.

அப்படியென்றால் இதுதான் பழைய செம்பியன்கரை, ஊர் முழுக்க ஒரு காலத்தில் இருந்த மண் இது ஒன்றுதான் மிச்சம் என்று நஸ்ரின் சொன்னாள். பிறகு கஷ்டமான பகுதிக்கு வந்தாள். கல்லறைகளைத் தொடமாட்டோம், இடையில் இருக்கிற வெறும் தரையில், ஒரு சாண் ஆழத்துக்கு, நானூறு இடத்தில் கட்டிகளாக வெட்டி எடுப்போம். ஆனால் எடுத்த பிறகு மேட்டுக்கு ஓய்வு வேண்டும். மண்ணுக்குள் நூல் நூலாக ஓடுகிற பூஞ்சை அறுந்துபோயிருக்கும். அது மறுபடி கூடுவதற்கு மூன்று வருடம் அங்கே மண்வெட்டி படக்கூடாது.

ஓவியா மேட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள்.

“மூணு வருஷத்துக்கு எங்க ஆளுங்க யாரும் சாகக்கூடாதுன்னு சொல்றீங்க.”

நஸ்ரின், மண் கொடுப்பவர்களுக்கு மீட்ட நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று சட்டம் இருப்பதை மட்டும் சொன்னாள்.

“அது சட்டம் கொடுக்கிறது” என்றாள் ஓவியா. “நான் கேக்கப் போறது சட்டத்துல இல்லாதது.”

அவள் கேட்டது இதுதான். அந்த மூன்று வருடமும் காலனியில் யார் இறந்தாலும் ஊரின் சுடுகாட்டில் இடம் கொடுக்க வேண்டும். அங்கே போவதற்கு வாய்க்கால் கரை சுற்றிப் போகமாட்டார்கள். பெரிய தெரு வழியாக, தப்பு அடித்துக்கொண்டு, ஊர்க்காரர்கள் எப்படிப் போவார்களோ அப்படிப் போவார்கள். செம்பியன்கரைப் பெரிய தெருவில் காலனிப் பிணம் ஒன்றுகூட அதுவரை போனதில்லை.

காலனியில் கூடிப் பேசியபோது எதிர்ப்புத்தான் அதிகம் இருந்தது. நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து உப்பை விட்டது அவர்கள், மண் கொடுப்பது நாமா என்று கேட்டார்கள். திருப்பூருக்குப் போய்ப் பிழைக்கிறவர்கள் பிழைத்துக்கொள்ளட்டும், ஊர் போனால் போகட்டும் என்றார்கள். ஓவியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அந்த வயலில் நட்டதும் அறுத்ததும் நம் ஆட்கள்தான், அது செத்தது நம் வீட்டுச் சாவும்தான் என்றாள். கொடுக்க மறுப்பதற்கு நமக்கு எல்லா நியாயமும் இருக்கிறது, ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டாள். மூன்றாவது கூட்டத்தில் ஒத்துக்கொண்டார்கள்.

ஊரில் நடந்த கூட்டம் அதைவிட நீண்டது. மண்ணை எடுத்துக்கொள்ளலாம், தெருவைக் கொடுக்க முடியாது என்று தருண்குமாரின் தம்பி நிதின் நேராகவே சொன்னான். இரண்டு குடும்பங்கள் எழுந்து போய்விட்டன. தருண்குமார் பேச்சுக்காரர் அல்ல. நம் இருநூறு ஏக்கரில் இல்லாதது அவர்கள் இரண்டு ஏக்கரில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குகிற இடத்தில் நாம் இருக்கிறோம் என்றார். சட்டம் கொடுக்கிற பங்குக்கு மேல் அவர்கள் நிலம் கேட்கவில்லை, நடந்துபோக வழி கேட்கிறார்கள் என்றார். சொல்லிவிட்டு முதல் கையெழுத்தை அவரே போட்டார். பாதிப் பேருக்குமேல் பின்னால் வந்தார்கள். நிதின் போடவில்லை.

வாரியத்தின் படிவத்தில் கொடையாளர் பெயர் என்று ஒரு இடம் உண்டு. வழக்கமாக அதில் ஊராட்சியின் பெயரையோ நிலத்துக்காரர் பெயரையோ எழுதுவார்கள். யார் பெயரை எழுத வேண்டும் என்று நஸ்ரின் கேட்டபோது, ஓவியா இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டாள். காலனியில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிக் கொண்டுவந்தாள். முந்நூற்றுப் பதினெட்டுப் பெயர்கள். மேட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு படமும் போட்டிருந்தாள்.

“மண்ணைக் கொடுக்கிறது நாங்க இல்ல மேடம். இவங்கதான்.”

நஸ்ரின் முந்நூற்றுப் பதினெட்டுப் பெயர்களையும் தட்டெழுதிப் படிவத்தோடு சேர்த்தாள். மேலதிகாரி இது என்ன என்று கேட்டார். கொடையாளர்கள் என்றாள்.

புரட்டாசிக் கடைசியில் மண் எடுத்தார்கள். காலனி ஆட்களே எடுத்தார்கள், வேறு யாரையும் விடவில்லை. ஒவ்வொரு கட்டியையும் ஈரச் சாக்கில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊர்க்காரர்கள் வயலில் குழி எடுத்து வைத்துக் காத்திருந்தார்கள். எந்தக் கட்டி எந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் எடுத்தது என்று ஒவ்வொரு குழிக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்தாள் ஓவியா. பத்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நாற்பது வருடத்தில் அப்படி ஒரு மழை இல்லை என்றார்கள். உண்மையோ என்னவோ, அந்த வருடம் மழையைப் பார்த்து யாரும் முணுமுணுக்கவில்லை.

முதல் வருடம் நெல் போடவில்லை. பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டும் கொளுஞ்சியும் விதைத்தார்கள். இருபதாம் நாள்வரை தருண்குமார் தினமும் வயலுக்குப் போய் உட்கார்ந்திருந்தார். இலை கருகவில்லை. முப்பதாம் நாளும் கருகவில்லை. நட்ட கட்டியைச் சுற்றிப் பச்சை வட்டமாகத் தொடங்கி, வட்டங்கள் அகன்று, மார்கழியில் ஒன்றையொன்று தொட்டன.

மாசியில் காலனியில் ஜெகன் இறந்தார். எண்பத்தாறு வயது. ஓவியாவுக்குச் சித்தப்பா முறை. பெட்டியில் வைத்து, தப்பு முழங்க, சாயங்காலம் நாலு மணிக்குப் பெரிய தெருவுக்கு வந்தார்கள். தெருவில் பல கதவுகள் மூடியிருந்தன. பாதித் தெருவில் ஒரு டிராக்டர் குறுக்கே நின்றது. நிதினுடைய வண்டி. அவன் அதன்மேல் உட்கார்ந்திருந்தான். தருண்குமார் போய்ப் பேசிப் பார்த்தார். அவன் இறங்கவில்லை. தப்பு நின்றுபோனது. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு காலனி ஆட்கள் அசையாமல் நின்றார்கள்.

அப்போது அவர்கள் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அம்மாவான சரண்யா வந்தார். எண்பத்திரண்டு வயது. ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் ரோஜா மாலை. தெருவில் இறங்கி மெதுவாக நடந்து டிராக்டர்வரை வந்தார். அதற்கு அந்தப் பக்கம் பெட்டி. இந்தப் பக்கம் அவர்.

“ஜெகன் என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட ஆளு” என்றார் மகனிடம். “மாலை போடணும். இந்த வண்டியச் சுத்திக்கிட்டுப் போக என் காலுக்கு முடியாது. எடுடா.”

 நிதின் வண்டியை ஓரமாக எடுத்தான். சரண்யா மாலையைப் போட்டுவிட்டு, பெட்டி தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்றார். பல வீடுகளில் கதவு திறந்தது. எல்லா வீட்டிலும் திறக்கவில்லை. அடுத்த இரண்டரை வருடத்தில் இன்னும் நான்கு பேர் அந்த வழியாகப் போனார்கள். நான்காமவர் போனபோது மூடியிருந்தது மூன்றே கதவுகள் என்று ஓவியா நஸ்ரினிடம் போனில் சொன்னாள்.

இரண்டாம் வருடம், சட்டப்படி காலனிக்கு வந்த பங்கிலும் சேர்த்து, நெல் நட்டுத் தையில் அறுத்தார்கள். அளவெடுக்க வந்த நஸ்ரினுக்கும் இலை போட்டார்கள். புது அரிசிச் சோறு.  அறுபது வருடத்துக்குப் பிறகு அந்த வயல் சோற்றை எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

தருண்குமார் தன் வீட்டை ஒட்டிய வயலின் சீட்டை எடுத்து அவளிடம் காட்டினார். பக்கிரிசாமி என்று எழுதியிருந்தது. யார் என்று அம்மாவிடம் கேட்டாராம். சரண்யா சொல்லியிருக்கிறார்: தான் கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம், இறால் குட்டை வெட்ட பொக்லைன் வந்தபோது, வண்டிக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டவர் பக்கிரிசாமி. இந்த மண் போனால் திரும்பாது என்று கத்தினாராம். போலீஸைக் கூப்பிட்டது தருண்குமாரின் தாத்தா. பக்கிரிசாமி ஆறு மாதம் ஜெயிலில் இருந்தார். வாசலில் நின்று பார்த்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை என்று சரண்யா சொன்னாராம்.

“அந்த மனுஷன் பக்கத்துல எடுத்த மண்ணு மேடம் எனக்கு வந்திருக்கு” என்றார் தருண்குமார்.

பக்கிரிசாமியின் வாரிசு யாரும் ஊரில் இல்லை. ஓவியாவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, அந்த வயலில் விளைந்த நெல்லில் முதல் மூட்டையை அரைத்து எடுத்துக்கொண்டு அவர் திருப்பூருக்குப் போனார். பேத்தி ஒருத்தி பனியன் கம்பெனியில் வேலை செய்தாள். யார் என்று சொன்னதும் கதவருகிலேயே நிற்க வைத்தாள். அவர் வந்த காரியத்தை நின்றபடியே சொன்னார். தன் தாத்தா செய்ததையும் சொன்னார். அவள் முழுதும் கேட்டுவிட்டு, அரிசியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். மன்னிச்சேன் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை, தண்ணீர் கொடுத்ததே எனக்குப் போதும் என்று திரும்பி வந்து சொன்னார்.

மூன்று வருடம் முடிகிற புரட்டாசியில் ஒருநாள் காலை அவர் நஸ்ரினுக்குப் போன் செய்தார். அம்மா முந்தின நாள் சாயங்காலம் தவறிவிட்டார் என்றார். நஸ்ரின் ஆறுதல் சொன்னாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, உடனே வர முடியுமா, மேடு தயாராகிவிட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

ஊரில் பிணத்தை எரிப்பதுதான் வழக்கம். ஆனால் சரண்யா போவதற்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு வேறு சொல்லியிருந்தார். அந்த மேட்டு மண் இத்தனை நாள் எனக்குச் சோறு போட்டிருக்கிறது, எரித்தால் அதற்கு என்ன கிடைக்கும், என்னை அங்கே கொண்டுபோய் வையுங்கள், வைக்க விடுவார்களா என்று கேளுங்கள் என்றாராம்.

பத்து மணிக்கு நஸ்ரின் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறி, எடுத்த இடங்களில் ஒவ்வொன்றாகக் கருவியை வைத்தாள். பள்ளங்கள் தூர்ந்து புல் மூடியிருந்தது. எண்பத்தாறு. எண்பத்தொன்பது. ஒரு இடத்தில் தொண்ணூறு. மண் ஆறிவிட்டது, இனிமேல் மண்வெட்டி படலாம் என்று சொன்னாள். ஆனால் இடம் கொடுப்பது என் கையில் இல்லை என்றாள்.

தருண்குமார் ஓவியா வீட்டுக்குப் போனார். நிதினும் கூட வந்தான். வாசலில் நின்று தருண்குமார் கேட்டார். மூன்று வருடத்தில் அந்த மேட்டில் முதல் அடக்கம் அது. தங்கள் ஆட்கள் ஐந்து பேர் ஊர்ச் சுடுகாட்டில் இருக்க, தங்கள் இடத்தில் முதலில் ஊர்க்காரம்மாவா என்று காலனியில் சிலர் முணுமுணுத்தார்கள். ஓவியா அவர்களோடு தனியாகப் பேசப் போனாள். அரை மணி நேரம் ஆனது. நிதின் தலையைக் குனிந்தபடி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான்.

ஓவியா திரும்பி வந்து, வாருங்கள் என்று எல்லோரையும் மேட்டுக்கு அழைத்துப்போனாள். வடக்கு ஓரத்தில், ஆவாரைப் புதருக்குப் பக்கத்தில், ஒரு இடத்தைக் காட்டினாள். வீட்டுக்கு ஒரு கூடை மண் கொண்டுவர வேண்டும், எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான் என்றாள். நிதின் சரி என்று தலையாட்டினான்.

“பக்கத்துல யாரு சிஸ்டர்?” என்று தருண்குமார் கேட்டார். “பேரு தெரிஞ்சா நல்லா இருக்கும். எங்கம்மா எந்த ஊர்ல இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரங்க பேரைக் கேக்காம இருந்ததில்ல.”

ஓவியா குனிந்து பக்கத்துப் புல்லைக் கையால் விலக்கினாள்.

“ஒரு குழந்தை” என்றாள் பிறகு. “பொறந்து பதினோரு நாள். பேரு வைக்கிறதுக்குள்ள போயிடுச்சு. என் மூத்த பொண்ணு.”

இருபத்தெட்டு வருடமாக அவளைத் தெரிந்த காலனிப் பெண்களில் சிலருக்கே அது தெரியும். நஸ்ரின் தன் கருவியைக் கீழே வைத்துவிட்டாள். தருண்குமார் அந்தப் புல் தரையை, இரண்டு முழ நீளம்கூட இல்லாத சிறு மண்குவியலை, குனிந்து பார்த்தார்.

“அம்மாவுக்குப் பேத்தி இல்லைன்னு குறை” என்றார். “பேரை அவங்களே வச்சுடுவாங்க.”

ஓவியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மண்வெட்டியை வாங்கி, குழந்தையின் பக்கம் ஒரு அடி தள்ளிக் கோடு போட்டு, இங்கேயிருந்து வெட்டுங்கள் என்று நிதினிடம் கொடுத்தாள்.